புதிதாக வாங்கிய செர்ரி இறாலை ஒரு மாதம் தனியாக வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து செர்ரி இறால் என்னும் சின்னச் சிவப்பு அலங்கார இறாலை வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. புது இறாலை வாங்கி வந்த அன்றைக்கே பழைய தொட்டியில் விட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் இருந்ததையும் சேர்த்து இழந்தவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நானும் அப்படி ஒருமுறை இழந்திருக்கிறேன்.

மீனைத் தனியாக வைக்கச் சொல்வார்கள். விரல் நகத்தளவு இறாலுக்கும் அது தேவையா?

மீனைவிட இறாலுக்குத்தான் அதிகம் தேவை. மீனுக்கு நோய் வந்தால் கடையில் விதவிதமாக மருந்து கிடைக்கும். அவற்றில் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. மீன் தாங்கும் தாமிர அளவு இறாலைக் கொன்றுவிடும். அதனால் வந்தபின் மருந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறால் விஷயத்தில் இருக்க முடியாது.

என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடமாகப் பெருகிய கூட்டம், இருநூறு இறால் இருக்கும். ஒரே கூட்டத்துக்குள் பெருகினால் நிறம் மங்கும் என்று நினைத்து ஒரு கடையில் எட்டு இறால் வாங்கினேன். நல்ல ரத்தச் சிவப்பு. அன்று மாலையே விட்டுவிட்டேன். ஆறு வாரம் கழித்து ஒன்று மட்டும் மந்தமாகத் தெரியவே, அதைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூக்கு நுனியில் முடி தடிமனில் இரண்டு வெள்ளை இழைகள். ஒன்று வளைந்து நீண்டு எதையோ தேடியது, பிறகு சுருங்கிக்கொண்டது. இன்னொரு இறாலை எடுத்தேன், அதிலும் இருந்தது. அடுத்ததிலும். செடியும் மணலும் வேர்க்கட்டையும் நிறைந்த தொட்டியில் இருநூறையும் துரத்திப் பிடித்து வைத்தியம் பார்க்க நான்கு மாதம் ஆயிற்று. ஒட்டுண்ணியால் சில, என் துரத்தலில் பல என்று பாதிக்கு மேல் போய்விட்டன. அந்த எட்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்திருந்தால் எட்டோடு முடிந்திருக்கும்.

எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

30 நாள். அந்தக் கணக்கு இறாலின் ஓட்டிலிருந்து வருகிறது.

வளர்ந்த செர்ரி இறால் சுமார் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். குட்டிகள் இன்னும் சீக்கிரம் கழற்றும். வெளிப்புறம் ஒட்டி வாழும் உயிர்கள் பலவும் அந்த ஓட்டோடு கழன்று வந்துவிடும். சிலவற்றின் முட்டையும் அந்த ஓட்டின் உள்ளேயே ஒட்டியிருக்கும். அதனால் எல்லா இறாலும் ஒருமுறையாவது ஓடு கழற்றிய பிறகுதான் அவை எதைச் சுமந்து வந்தன என்று நமக்குத் தெரியும். ஒரு வாரம் பத்து நாள் வைத்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சேர்ப்பவர்கள் பாதிப் படத்தில் எழுந்து வந்தவர்கள் மாதிரி.

இடையில் ஏதாவது ஒட்டுண்ணி கண்ணில் பட்டால், அதைத் தீர்த்த நாளிலிருந்து மறுபடி 30 நாள் எண்ணுங்கள். எனக்கு ஒரு கூட்டம் 70 நாள் வரை போயிருக்கிறது.

தனித் தொட்டிக்கு என்னென்ன வேண்டும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. 10 முதல் 15 லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப் அல்லது சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு மூடி. மணல் வேண்டாம். அடி வெறுமையாக இருந்தால்தான் கழற்றிய ஓடு, செத்த இறால், ஊரும் புழு எல்லாம் தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு கைப்பிடி ஜாவா பாசியும், காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்றும் போதும். தெருவோரம் பாதாம் மரம் என்கிறோமே, அதன் தானாக உதிர்ந்த பழுப்பு இலை. மருந்து அடிக்காத இடத்து இலையாகப் பார்த்துக் கழுவிப் போடுங்கள். இலை ஊற ஊற அதன்மேல் படியும் படலத்தை இறால் நாள் முழுக்க மேயும்.

ஸ்பாஞ்ச் புதிதாக இருந்தால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். ஆகவே இறால் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த ஸ்பாஞ்சைப் பழைய தொட்டியில் போட்டு ஊறவிடுங்கள். நன்மை செய்யும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். ஆனால் தனித் தொட்டிக்குப் போன ஸ்பாஞ்ச் திரும்பப் பழைய தொட்டிக்கு வரக் கூடாது. வலை, குழாய், டம்ளர் எல்லாம் அப்படித்தான். தனியாக ஒரு ஜோடி வாங்கி, அதில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். தினமும் முதலில் பழைய தொட்டி வேலையை முடித்துவிட்டு, அப்புறம் தனித் தொட்டிக்குப் போங்கள். ஈரக் கையோடு இங்கிருந்து அங்கே போவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

இடம் நிழலாக இருக்கட்டும். கொசுவிரட்டி லிக்விட் எரியும் அறை ஆகவே ஆகாது. அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து இறாலுக்கு விஷம். அதேபோல, கொசுப்புழு ஒழிப்புக்கு வருபவர்கள் வீட்டு சம்ப்பில் அபேட் மருந்து ஊற்றியிருந்தால் அந்தத் தண்ணீரையும் எடுக்காதீர்கள். இறாலும் பூச்சியும் உறவுக்காரர்கள். பூச்சியைக் கொல்வது பெரும்பாலும் இறாலையும் கொல்லும்.

வாங்கி வந்த அன்று என்ன செய்வது?

சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் நேரில் வாங்கினாலும் கூரியரில் வந்தாலும் முறை ஒன்றுதான். பையில் உள்ள தண்ணீரோடு இறாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தனித் தொட்டித் தண்ணீரை மெல்லிய ஏர் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டியூபில் ஒரு முடிச்சுப் போட்டால் வேகம் கட்டுப்படும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். பிறகு வலையில் இறாலை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரைக் கழிவுநீரில் கொட்டுங்கள். கடைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போக வேண்டாம்.

மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்க வேண்டும். போர் தண்ணீர் என்றால் முதலில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைப் பாருங்கள். 150க்கும் 300க்கும் இடையில் இருந்தால் செர்ரி இறாலுக்கு வசதி. கேன் தண்ணீரை மட்டும் ஊற்றினால் தாதுச் சத்து போதாமல் ஓடு கழற்றும்போது சிக்கிச் சாகும்.

தினமும் எதைப் பார்க்க வேண்டும்? இவ்வளவு சின்ன உடம்பில் என்ன தெரியும்?

சமையலறைக் கண்ணாடி டம்ளர் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை இறாலை ஒவ்வொன்றாக அதில் எடுத்து, பின்னால் இருந்து டார்ச் அடித்து, போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். கிளிப் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் மூக்கு நுனி, அப்புறம் கன்னப் பக்கம் ஓட்டுக்குள் தெரியும் செவுள், அப்புறம் வயிற்றடியில் உள்ள நீந்தும் கால்கள், கடைசியாக முதுகுச் சதையின் நிறம். இந்த வரிசையிலேயே பழகிக்கொண்டால் எதையும் தவறவிட மாட்டீர்கள்.

தொட்டியில் ஓடு கிடந்தால் உடனே எடுங்கள். சாதாரணமாக இறால் தன் ஓட்டைத் தானே தின்னும், அது நல்லதுதான். தனித் தொட்டியில் மட்டும் விடக் கூடாது. எடுத்த ஓட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தலைப் பகுதியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமான ஓடு செலோபேன் தாள் மாதிரி இருக்கும். வரிசையாகப் புள்ளி புள்ளியாக ஏதாவது ஒட்டியிருந்தால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

மூக்கில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. என்ன அது?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஒன்று, ஸ்குட்டாரியெல்லா ஜப்பானிக்கா. என் தொட்டியை அழித்தது இதுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளைத் தட்டைப்புழு. தலைப் பக்கம் இரண்டு குட்டிக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கு நுனியிலும் உணர்கொம்புகளின் அடியிலும் நிற்கும், செவுள் அறைக்குள்ளும் போகும். ஓட்டின் உட்புறம் முட்டைகளை ஒட்டி வைக்கும். அதனால்தான் கழற்றிய ஓட்டைத் தொட்டியில் விடக் கூடாது என்கிறேன். இரண்டு மூன்று புழு இருந்தால் இறால் சாதாரணமாகவே திரியும், முட்டையும் இடும். கூட்டம் கூடும்போதுதான் செவுள் பாதித்து மந்தமாகிறது. ஆரம்பத்தில் இறாலின் நடையில் ஒன்றும் தெரியாது என்பதால்தான் டம்ளரில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, வோர்ட்டிசெல்லா. இது புழு இல்லை, ஒற்றைச் செல் உயிர். காம்பு முளைத்த மணி மாதிரி கூட்டமாக ஒட்டி வாழும். நம் கண்ணுக்குப் பஞ்சு படிந்த மாதிரியோ பூசணம் மாதிரியோ தெரியும். தண்ணீரில் பாக்டீரியா பெருகினால் அதைத் தின்று இதுவும் பெருகும். அதாவது தீனி அதிகம், தண்ணீர் அழுக்கு.

எப்படிப் பிரித்தறிவது? டம்ளரை ஒரு நிமிடம் ஆடாமல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக வளைந்து நீண்டு சுருங்கினால் ஸ்குட்டாரியெல்லா. மொத்தமாக மெத்தென்று பஞ்சாக நின்றால் வோர்ட்டிசெல்லா.

உப்புக் குளியல் எப்படிச் செய்வது?

இரண்டுக்கும் முதல் வைத்தியம் இதுதான். தனித் தொட்டித் தண்ணீரில் ஒரு கப், அதாவது சுமார் 250 மில்லி எடுத்து, அதில் வேறெதுவும் கலக்காத கல் உப்பு ஒரு மேசைக்கரண்டி போட்டு, ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கரையுங்கள். சின்ன வலையில் இறாலை எடுத்து அதில் முக்குங்கள். 30 வினாடி போதும், ஒரு நிமிடத்தைத் தாண்டவே கூடாது. இறால் துள்ளும், உங்களுக்கும் மனசு அடித்துக்கொள்ளும். கையில் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். புழு உதிர்ந்து வலையில் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உடனே இறாலைச் சுத்தமான தண்ணீரில் விடுங்கள். அந்தத் தனி டப்பைச் சுடுதண்ணீரில் அலசிக் காய வைத்து, புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தால் இன்னும் நல்லது.

முட்டையை உப்பு ஒன்றும் செய்யாது. அதனால் வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும், இடையில் ஓடுகளை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் முட்டை சுமக்கும் பெண் இறாலை முக்கினால் முட்டையை உதிர்த்துவிடக்கூடும். அதைத் தனியாகப் பிரித்து, குட்டி பொரித்த பிறகு முக்குங்கள். ஓடு கழற்றி ஒரு நாள்கூட ஆகாத இறாலையும் விட்டுவிடுங்கள். அதன் தோல் அப்போது மிக மெல்லியது.

வயிற்றடியில் பச்சையாக இருக்கிறது. முட்டையா?

செர்ரி இறாலின் முட்டை மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ இருக்கலாம். ஆனால் உருண்டை உருண்டையாக, ஒரே அளவில், தாய் காலால் விசிறிக்கொண்டே இருக்கும். நீந்தும் கால்களுக்கு நடுவில் பாசி படர்ந்த மாதிரி பச்சை இழைகள் தெரிந்தால் அது கிளாடோகோனியம் என்னும் ஒட்டுண்ணிப் பச்சைப்பாசி. ஆண் இறாலின் வயிற்றடியில் பச்சை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு உப்பு பெரிதாகக் கேட்பதில்லை. உடம்புக்குள்ளும் வேர் விடும். இன்னதைப் போட்டேன், போய்விட்டது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அதே மருந்தில் மொத்தத்தையும் இழந்தவர்களும் உண்டு. பச்சை தெரிந்த இறாலை அன்றே கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். மீதியை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொன்றுக்கும் வந்தால், நான் அவற்றைப் பழைய தொட்டிக்குக் கொண்டுபோகவே மாட்டேன். தனித் தொட்டியிலேயே கடைசி வரை வாழட்டும்.

உடம்பே பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. இது என்ன?

முதுகுச் சதை நாளாக நாளாக வெண்மையாகி, ஒளி ஊடுருவாமல் போனால் மைக்ரோஸ்போரிடியா என்னும் சதைக்குள் வாழும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். மருந்து இல்லை. செத்த இறாலை மற்றவை தின்றால் பரவக்கூடும், ஆகவே பிரித்துவிடுங்கள், செத்ததும் எடுத்துவிடுங்கள். பயணக் களைப்பில் முதல் நாள் வெளிறுவது வேறு. அது ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

எதையெல்லாம் ஒட்டுண்ணி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்?

பெண் இறாலின் கழுத்துக்குப் பின்னால் முக்கோணமாகத் தெரியும் மஞ்சள் திட்டு, சினைப்பையில் முதிரும் முட்டை. நல்ல சேதி. உடம்பின் நடுவில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது ஒட்டுண்ணி இல்லை, ஓடு கழற்றுவதில் உள்ள சிக்கல், தண்ணீரில் தாது போதாமல் இருக்கலாம். கண்ணாடியில் புள்ளியாகத் துள்ளும் வெள்ளைப் பூச்சிகள், கடுகைவிடச் சின்ன உருண்டையாக ஓடுபவை, இவையெல்லாம் வேறு குட்டி ஓடுடைய உயிர்கள், தீங்கு இல்லை.

இறால் சரி. கூடவே வாங்கிய செடி, பாசி?

அதுவும் இறாலோடு சேர்ந்தே தனித் தொட்டியில் இருக்கட்டும். மொட்டை மாடி டப்பிலும் வெளித் தொட்டியிலும் வளர்ந்த செடியில் தட்டான் முட்டை இருக்கலாம். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் வளரும் வேட்டைக்காரன். பாசிக்குள் அசையாமல் நின்று, தாடையை நீட்டி இறால் குட்டியைப் பிடித்துத் தின்னும். இறால் எண்ணிக்கை காரணமில்லாமல் குறைகிறது, பிணமும் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைத் தேடுங்கள்.

அடுத்து பிளனேரியா. தலை முக்கோணமாக, இரண்டு கண்புள்ளியோடு கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் தட்டைப்புழு. குட்டிகளையும், ஓடு கழற்றி மெலிந்திருக்கும் இறாலையும் தாக்கும். இதற்காக விற்கும் பொடிகளில் ஒருவகை நம் கொட்டைப்பாக்கின் சாறிலிருந்து செய்வது. புழுவைக் கொல்வது பாக்கிலுள்ள அரிக்கோலின். அதைப் படித்துவிட்டு வீட்டுப் பாக்கை ஊறவைத்து ஊற்றாதீர்கள். ஒரு பாக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாது. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பென்பெண்டசோலும் பிளனேரியாவைக் கொல்லும். இரண்டுமே நத்தைக்கு ஆபத்து, அதிலும் பென்பெண்டசோல் தொட்டியில் நெடுநாள் தங்கும். நத்தை இருக்கும் தொட்டியில் போடுவதைவிட, தனித் தொட்டியிலேயே வேலையை முடிப்பது எத்தனையோ மேல்.

நத்தைக்கும் ஒரு மாதமா?

ஆமாம். நத்தையில் நான் தேடுவது அட்டை. ஓட்டின் வாய்க்குள் ஒளிந்திருக்கும், இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் நீண்டு சுருங்கி நடக்கும். நத்தையின் தலையருகே நெளியும் மெல்லிய வெள்ளைப் புழு கீட்டோகாஸ்டராக இருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. உப்புக் குளியலை நத்தைக்குச் செய்யாதீர்கள்.

வாய்க்காலில் பிடித்த இறாலைச் சேர்க்கலாமா?

நம் ஊர் ஓடைகளில் கரிடினா வகைச் சின்ன இறால் அழகாகவே இருக்கும், ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்குட்டாரியெல்லாவின் உறவுப்புழுக்கள் நம் தண்ணீரிலும் உண்டு. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் 1912லேயே இந்திய கரிடினா இறாலின் மேல் வாழும் ஒரு புழுவுக்குக் கரிடினிகோலா இண்டிகா என்று பெயரிட்டு விவரித்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து பிளேட் என்ற ஜெர்மானியர் இலங்கை இறாலிலிருந்தும் அப்படிப்பட்ட புழுவை விவரித்தார். பிடித்தே தீருவேன் என்றால் இரண்டு மாதம் தனியாக வையுங்கள், கடைசி வரை அதற்கென்று தனித் தொட்டி இருந்தால் இன்னும் நிம்மதி.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் முக்கியம். தனித் தொட்டித் தண்ணீரையோ வேண்டாத இறாலையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடாதீர்கள். நம் தொட்டியின் ஒட்டுண்ணி அங்கே இருக்கும் இறாலுக்குப் போகும். தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். அதேபோல் மீன் மார்க்கெட் இறாலின் தலையும் ஓடும் மலிவான தீனி என்று தொட்டியில் போடாதீர்கள். 1994ல் நம் கடற்கரை இறால் பண்ணைகளுக்குள் நுழைந்து பல குடும்பங்களை முடக்கிய வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ், பத்துக் கால் ஓட்டு உயிர்கள் பலவற்றையும் தொற்றக்கூடியது.

பிள்ளைகள் தொட்டியில் கை விடுகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது வருமா?

இறாலின் மேல் உள்ள புழுக்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. நத்தையில்தான் கவனம் வேண்டும். வயல், தோட்டத்து நத்தைகள் எலியிடமிருந்து வரும் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடும். அது மனிதருக்குள் போனால் மூளை உறையைத் தாக்கும். வெளியில் பொறுக்கிய நத்தையைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். எந்தத் தொட்டியில் கை விட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

தனித் தொட்டியில் ஒன்றிரண்டு சாகின்றன. மொத்தமும் நோயா?

முதல் வாரத்தில் பத்தில் ஒன்றிரண்டு சாவது பயண அலைச்சலாகவும் தண்ணீர் மாற்றமாகவும் இருக்கும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகும் தினம் ஒன்று என்று போனால் முதலில் அம்மோனியா சோதியுங்கள், வெப்பம் பாருங்கள். சித்திரை வைகாசியில் சின்ன டப்பின் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஈரத் துணியைச் சுற்றி மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் இறங்கும். செத்ததை எடுத்தவுடன் தூக்கி எறியாமல் டம்ளரில் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயிரோடு இருந்தபோது நிற்காத இறால் இப்போது ஆடாமல் கிடக்கும், செவுள் வரை தெளிவாகத் தெரியும்.

30 நாள் முடிந்தது. ஒன்றும் தெரியவில்லை. இனி?

கடைசியாக எல்லாவற்றையும் ஒருமுறை டம்ளரில் பாருங்கள். அதற்கு முன்பே, அந்த 30 நாளின் கடைசி வாரத்தில் பழைய தொட்டியிலிருந்து ஒரு இறாலை எடுத்துப் புதியவற்றோடு விட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று அதில் தெரியும். ஏழு நாளில் அது நன்றாக மேய்ந்து திரிந்தால், பழைய தொட்டித் தண்ணீரை மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, மாலையில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து விடுகிறேன். டப், வலை, டம்ளர் மூன்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்துவிடுங்கள். சிவப்பு டேப்பைப் பிரிக்க வேண்டாம்.